காலையில் மட்டும் உதறும் எஞ்சின்: பாகத்தை மாற்றும் முன் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் உதறுகிறது. ஸ்டீயரிங் நடுங்குகிறது, ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது, சில நாள்களில் எஞ்சின் அணைந்தே போகிறது. ஐந்து நிமிடம் ஓடியதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. பட்டறைக்குப் போய்ச் சேரும்போது ஒரு குறையும் இல்லாத வண்டியாக நிற்கிறது. சூடான எஞ்சினில் மெக்கானிக்கால் உதறலைப் பார்க்க முடியாது. அதனால் “முதலில் பிளக்கை மாற்றிப் பார்ப்போம்” என்கிறார். அடுத்த முறை காயில், அதற்கடுத்து சென்சார், பிறகு திராட்டல் பாடி. பணம் போய்க்கொண்டே இருக்கிறது, மறுநாள் காலை உதறலும் அப்படியே இருக்கிறது.

தோட்டத்திலிருந்தோ தாமானிலிருந்தோ விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு முதல் ஷிப்ட் வேலைக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. பஸ் வராத இடத்தில் வண்டி நின்றால் அன்றைய சம்பளமும் நின்றது. இன்னொரு பக்கம், “சூடானால் சரியாகிவிடும்” என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களில் சிலருக்குக் கடைசியில் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டிய நிலை வருகிறது.

இரண்டு இழப்பையும் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. உதறல் எப்போது தொடங்குகிறது, எத்தனை வினாடியில் நிற்கிறது, அந்த நேரத்தில் என்ன புகை வருகிறது என்ற மூன்று விவரங்களை முதலில் சேகரிக்க வேண்டும். இவை கையில் இருந்தால், சாத்தியமான காரணங்கள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் பாகத்தைச் சோதிப்பது என்று முடிவு செய்யலாம்.

குளிர்ந்த எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

நம் நாட்டில் பனி கிடையாது. சமவெளியில் விடியற்காலை வெப்பம் பெரும்பாலும் 23, 24 டிகிரி செல்சியஸ். கேமரன் மலையில் அது 15 டிகிரி அளவுக்கு இறங்கலாம். ஆனால் ஓடும் எஞ்சினின் கூலண்ட் வெப்பம் ஏறக்குறைய 90 டிகிரி. அதோடு ஒப்பிட்டால், இரவு முழுவதும் நின்ற எந்த எஞ்சினும் குளிர்ந்த எஞ்சின்தான்.

குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. ஒரு பகுதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் வண்டியின் கணினி, கூலண்ட் வெப்பத்தை அளக்கும் சென்சாரைக் கேட்டு, கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கிறது. ஐடலையும் 1,200 அல்லது 1,500 ஆர்பிஎம் அளவுக்கு உயர்த்துகிறது. எஞ்சின் சூடாகச் சூடாக அது மெல்ல 700, 800 அளவுக்கு இறங்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். எக்ஸாஸ்ட் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சூடாகும் வரை வேலை செய்யாது. அந்த முதல் அரை நிமிடம், ஒரு நிமிடம் கணினி தன்னிடமுள்ள கணக்கை மட்டும் நம்பிப் பெட்ரோலை அளக்கிறது. சென்சார் விழித்த பிறகுதான் தன் தவறைத் திருத்திக்கொள்ளத் தொடங்கும். சிறிய காற்றுக் கசிவோ தேய்ந்த பிளக்கோ காலையில் உதறலாகத் தெரிந்து, பிறகு மறைந்துபோவதற்கு இதுவே காரணம். அங்கே கோளாறு சரியாவதில்லை, கணினி அதை மூடி மறைக்கிறது.

எது இயல்பு?

ஸ்டார்ட் ஆனதும் ஐடல் உயர்ந்து, சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு. புகைக்குழாயில் நீர் சொட்டுவதும், மழைக்காலக் காலையில் மெல்லிய வெண்ணிற ஆவி வந்து சில நிமிடத்தில் மறைவதும் இயல்பு. பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகும். அது குளிர்ந்த குழாயில் நீராகிறது, அவ்வளவுதான்.

ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்கும்போது உடல் மட்டும் நடுங்கினால், குறை எஞ்சினுக்குள் இல்லாமல் இருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால் அப்படித்தான் இருக்கும். கியரை டி-யில் போட்டு, பிரேக்கை மிதித்து, ஏர்கோனைப் போடும்போது நடுக்கம் கூடினால் மவுண்டிங்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அது சூடான பிறகும் நடுங்கும். முள்ளும் சேர்ந்து ஆடினால்தான் இந்தக் கட்டுரை சொல்லும் கோளாறு.

மூன்று காலைக் குறிப்பு

தொடர்ந்து மூன்று காலை இதைச் செய்யுங்கள். வண்டி குறைந்தது ஆறு மணி நேரம் நின்றிருக்க வேண்டும். ஏர்கோன், விளக்கு, ரேடியோ எல்லாம் அணைந்திருக்கட்டும்.

கைப்பேசியில் காணொளிப் பதிவைத் தொடங்கி, மீட்டர் தெரியும்படி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சாவியைத் திருப்பியதிலிருந்து எஞ்சின் பிடிக்க எத்தனை வினாடி, உதறல் உடனே வந்ததா சற்றுப் பிறகா, எப்போது நின்றது என்பவை பதிவில் தானாக வந்துவிடும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் பின்னால் நின்று புகையின் நிறத்தைப் பார்க்கட்டும். முந்தைய நாள் பெட்ரோல் ஊற்றினீர்களா, இரவு மழை பெய்ததா என்பதையும் எழுதிவையுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கூலண்ட் உபரித் தொட்டியில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இந்தக் கோடு பின்னால் பெரிய செலவிலிருந்து காப்பாற்றக்கூடியது.

கதவு மூடிய கராஜில் இந்தச் சோதனை வேண்டாம். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தாமான் வீடுகளில் போர்ச்சை ஒட்டிப் படுக்கையறை சன்னல் இருந்தால், அதையும் மூடிவிட்டுத் தொடங்குங்கள்.

நேரம் சொல்லும் சேதி

*நெடுநேரம் சுழன்று, தாமதமாகப் பிடித்து, பிறகு சில வினாடி உதறுகிறது:* இரவில் பெட்ரோல் குழாயின் அழுத்தம் இறங்கியிருக்கலாம். எளிய சோதனை ஒன்று உண்டு. சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல் ‘ஆன்’ நிலையில் மூன்று வினாடி வையுங்கள். பின் இருக்கைப் பக்கம் பெட்ரோல் பம்ப் மெல்ல உறுமும். அணைத்துவிட்டு மீண்டும் இரண்டு முறை அப்படியே செய்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பொத்தான் வண்டியில் பிரேக்கை மிதிக்காமல் அழுத்தினால் ‘ஆன்’ நிலை வரும். இப்படிச் செய்த அன்று மட்டும் உடனே பிடித்தால், பம்பில் உள்ள தடுப்பு வால்வு அல்லது கசியும் இன்ஜெக்டர் மீது சந்தேகம் வைக்கலாம். பட்டறையில் பெட்ரோல் அழுத்த மீட்டரை மாட்டி, எஞ்சினை அணைத்த பிறகு அழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

*உடனே பிடிக்கிறது, முதல் 10 முதல் 60 வினாடி ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாதது போல உதறுகிறது:* இரவில் ஏதோ ஒன்று அந்தச் சிலிண்டருக்குள் சொட்டியிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். பெட்ரோல் சொட்டினால் கறுப்புப் புகையும் பெட்ரோல் நாற்றமும் வரும். எஞ்சின் எண்ணெய் சொட்டினால் நீலப் புகை. கூலண்ட் சொட்டினால் வெண்புகையும் இனிப்பான வாடையும். மூன்றில் கூலண்ட்தான் ஆபத்தானது. அதைப் பற்றித் தனியே கீழே பார்ப்போம்.

*ஸ்டார்ட் ஆனதிலிருந்து ஓரிரு நிமிடம் ஐடல் ஏறி இறங்கி, பிறகு சமமாகிறது:* கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது, அல்லது காற்றுப் பாதை அழுக்கடைந்துள்ளது. வெடித்த வேக்குவம் ரப்பர் குழாய், இன்டேக் கேஸ்கெட், கரி படிந்த திராட்டல் பாடி ஆகியவை இந்த வரிசை. பழைய வண்டிகளில் ஐடலைக் கட்டுப்படுத்தத் தனி வால்வு இருக்கும், அதில் கரி பிடித்தாலும் இதே அடையாளம்தான்.

*கூலண்ட் முள் நடுவுக்கு வரும் வரை, நான்கைந்து நிமிடம் திணறுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இருமுகிறது:* கூலண்ட் வெப்ப சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ‘சூடாக இருக்கிறது’ என்று அது சொன்னால், கணினி கூடுதல் பெட்ரோலைத் தராது. தலைகீழாகச் சூடான பிறகும் ‘குளிர்ச்சி’ என்றே சொன்னால், பெட்ரோல் அதிகமாகி, கறுப்புப் புகை வந்து, எண்ணெய்ச் செலவு கூடும்.

*முழு டாங்க் நிரப்பிய மறுநேரம் மட்டும் உதறுகிறது:* டாங்க் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கலாம். பெட்ரோல் நிலையத்தில் பம்ப் ‘கிளிக்’ என்று நின்ற பிறகும் அழுத்தி அழுத்தி ஊற்றும் பழக்கம் இந்த அமைப்பைக் கெடுக்கும். முதல் கிளிக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

*மழை பெய்த மறுநாள் காலை மட்டும் உதறுகிறது:* ஈரம் மின்பொறியைக் கடத்திக்கொண்டு போகிறது. பிளக் கேபிள் உள்ள பழைய வண்டிகளில் கேபிள் உறையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் வெடித்திருக்கும். இருட்டில் போனட்டைத் திறந்து, கை வைக்காமல், ஓடும் எஞ்சினைப் பார்த்தாலே நீலப் பொறி தாவுவது தெரியும்.

*காலையிலும் உதறுகிறது, சூடான பிறகும் உதறுகிறது:* இது குளிர் ஸ்டார்ட் கோளாறு அல்ல. பட்டறைக்கு எந்த நேரத்திலும் கொண்டுபோகலாம், அங்கேயும் தெரியும்.

கூலண்ட் குறைகிறதா?

நீங்கள் போட்ட பேனாக் கோட்டுக்கு வருவோம். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் ஒவ்வொரு வாரமும் மட்டம் இறங்குகிறது, காலையில் அரை நிமிடம் உதறுகிறது, வெண்புகை வந்து மறைகிறது. இம்மூன்றும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட்டில் கசிவு தொடங்கியிருக்கலாம். எஞ்சினை அணைத்த பிறகும் கூலண்ட் குழாய்களில் அழுத்தம் இருக்கும். அது கேஸ்கெட்டின் நுண்ணிய வெடிப்பு வழியே சிலிண்டருக்குள் கசிந்து, இரவு முழுவதும் தேங்கி நிற்கும். காலையில் அந்தச் சிலிண்டர் நீரைத் துப்பிவிட்டுத்தான் வேலைக்கு வரும்.

இதை விட்டுவைத்தால் இரண்டு வகையில் கெடுதல். ஒன்று, கூலண்ட் தீர்ந்து எஞ்சின் கொதித்து, அலுமினிய ஹெட் வளைந்துவிடும். இரண்டு, ஒருநாள் தேங்கிய நீர் அதிகமாகிவிட்டால், நீரை அமுக்க முடியாமல் பிஸ்டன் தண்டே வளையக்கூடும். கேஸ்கெட் மாற்றும் செலவோடு முடிய வேண்டியது, எஞ்சின் மாற்றும் செலவாகிவிடும்.

உறுதிசெய்ய மூன்று சோதனைகள் உள்ளன. ரேடியேட்டர் வாயில் நீல நிற ரசாயனத்தை வைத்து எஞ்சினை ஓடவிடுவார்கள். எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாக மாறும். இரண்டாவது, கூலண்ட் அமைப்பில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, பிளக்கைக் கழற்றிச் சிறிய கேமராவை உள்ளே விடுவது. நீர் புகும் சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் கழுவியது போலப் பளிச்சென்று இருக்கும். இந்தச் சோதனைகளில் ஒன்றையாவது செய்யாமல் ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். மட்டம் குறைந்தால் குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. கூலண்டில் உள்ள துருத்தடுப்பு நீர்த்துப்போய், உள்ளிருந்து அரிப்பு தொடங்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

எஞ்சின் அணைந்து, ஆறி, சாவி வெளியே எடுக்கப்பட்ட நிலையில் இவற்றைச் செய்யலாம்.

பேட்டரி: இரவு நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவு காட்டினால் முழுச் சார்ஜ். 12.2-க்குக் கீழே என்றால் பாதிதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். பேட்டரி பலவீனமானால் பொறியும் பலவீனமாகும், கணினியும் தடுமாறும். அண்மையில் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால், கணினி ஐடலை மறுபடி கற்றுக்கொள்ளும் வரை ஓரிரு நாள் உதறல் இருக்கலாம்.

எலி: செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வண்டியை நிறுத்துகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். எஞ்சினின் சூட்டுக்காக எலி ஏறும், இன்ஜெக்டர் வயரையும் ரப்பர் குழாயையும் கடிக்கும். எச்சம், தேங்காய் நார், செம்பனைப் பழத் துண்டு ஆகியவை கிடந்தால் வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள்.

ரப்பர் குழாய்: மெல்லிய வேக்குவம் குழாய்களை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் வளைவில் தெரியும். எஞ்சின் ஓடும்போது ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்டாலும் கசிவுதான். கசிவைத் தேட எஞ்சின் மேல் கார்ப் கிளீனர் அடிக்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. அது தீப்பிடிக்கும் திரவம். வீட்டில் அதைச் செய்ய வேண்டாம்.

பிளக்: சாதாரண நிக்கல் பிளக் வண்டிக்கேற்ப 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரையும், இரிடியம் பிளக் 100,000 கிலோமீட்டர் வரையும் தாங்கும். சரியான எண்ணிக்கையை உங்கள் வண்டியின் கையேடு சொல்லும். கழற்றினால் எந்தச் சிலிண்டரிலிருந்து எடுத்தது என்று வரிசையாக வையுங்கள். வெளிர் பழுப்பு நிறம் நலம். கறுத்து உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசை இருந்தால் மேலிருந்து வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறதா, உள்ளிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால், கோளாறு அந்தச் சிலிண்டரில்தான்.

காயில்: ஒவ்வொரு பிளக் மேலும் தனிக் காயில் உள்ள வண்டிகளில் ஒரு காசும் செலவில்லாத சோதனை உண்டு. ஸ்கேனர் 2-வது சிலிண்டர் மிஸ்ஃபயர் என்று காட்டினால், அந்தக் காயிலை 3-வது சிலிண்டருக்கு மாற்றி மாட்டுங்கள். மறுநாள் காலை குறை 3-க்கு நகர்ந்தால் காயில் கெட்டது. 2-லேயே நின்றால் காயில் நலம். பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது காயிலைப் பிடுங்கிப் பார்ப்பது கூடாது. மின் அதிர்ச்சியும் அடிக்கும், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

திராட்டல் பாடி: மின்சாரத் திராட்டல் உள்ள புதிய வண்டிகளில் உள்ளே உள்ள தகட்டை விரலால் தள்ளக் கூடாது. சுத்தம் செய்த பிறகு ஸ்கேனர் வழி மறுபதிவும் செய்ய வேண்டியிருக்கும். இதைப் பட்டறையிடமே விடுங்கள்.

எஞ்சின் விளக்கும் எண்களும்

டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்தால், கணினி ஓர் எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறது. கைப்பேசியோடு புளூடூத் வழி இணையும் சிறிய ஓபிடி ரீடர் அதைப் படித்துக் காட்டும். மிகப் பழைய உள்நாட்டு வண்டிகள் சிலவற்றில் இந்தப் பொது ரீடர் வேலை செய்யாது.

பி0301 முதல் பி0304 வரை என்றால் அந்தந்தச் சிலிண்டரில் மிஸ்ஃபயர். பி0300 என்றால் மாறி மாறிப் பல சிலிண்டரில். அப்படியானால் ஒரு காயிலைக் குறை சொல்லாமல், காற்றுக் கசிவு, பெட்ரோல் அழுத்தம் போன்ற பொதுக் காரணத்தைத் தேடுங்கள். பி0171 என்றால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். பி0172 அதற்கு நேர்மாறு. பி0117, பி0118 இரண்டும் கூலண்ட் வெப்ப சென்சாரின் மின்சுற்றைக் குறிக்கும். பி0128 என்றால் எஞ்சின் சூடாக வேண்டிய வேகத்தில் சூடாகவில்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடி நிற்கலாம்.

எண் என்பது எங்கே தேடுவது என்று சொல்லும் முகவரி. எந்தப் பாகத்தை வாங்குவது என்று அது சொல்லாது. பி0171 வந்தவுடன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும், வெடித்த ரப்பர் குழாய்தான் குற்றவாளியாக இருக்கும்.

விளக்கு எரியாவிட்டாலும் ரீடர் பயன்படும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ‘ஆன்’ நிலையில் கூலண்ட் வெப்பத்தையும், உள்வரும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 26, மற்றொன்று 60 என்று காட்டினால் ஒரு சென்சார் பொய் சொல்கிறது. அடுத்து, சூடான பிறகு ஃபியூவல் டிரிம் என்ற அளவைப் பாருங்கள். ஐடலில் அது 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டிக்காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கிவிட்டால் பெரும்பாலும் வேக்குவம் கசிவு.

ஓட்டக் கூடாத நேரங்கள்

எஞ்சின் விளக்கு எரிவதற்கும் மின்னுவதற்கும் வேறுபாடு உண்டு. மின்னினால், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதை அளவுக்கு மீறிச் சூடாக்குகிறது. வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். வெப்ப முள் சிவப்பை நோக்கி ஏறினாலும் அப்படியே. எஞ்சின் எண்ணெய்க் கம்பியிலோ மூடியின் உட்புறமோ பால் கலந்த காப்பி நிறத்தில் கூழ் தெரிந்து, கூலண்டும் குறைந்திருந்தால், அந்த வண்டியை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போவதே சிக்கனம். ஸ்டார்ட் செய்யும்போது ‘டக்’ என்று எஞ்சின் பூட்டிக்கொண்டது போல நின்றால், மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டரில் நீர் இருக்கலாம்.

பழைய வண்டியும் டீசலும்

கார்பரேட்டர் உள்ள பழைய சாகா, இஸ்வாரா, கஞ்சில் வண்டிகளில் கணினி இல்லை. அங்கே குளிர் ஸ்டார்ட்டைக் கவனிப்பது சோக். சோக் கம்பி ஒட்டிக்கொண்டாலோ, தானியங்கிச் சோக் திறக்காவிட்டாலோ காலையில் உதறும். ஸ்கேனரைத் தேட வேண்டாம். சோக், பிளக் கேபிள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, வேக்குவம் குழாய் என்ற வரிசையில் பார்த்தால் போதும்.

டீசல் ஹைலக்ஸ், லோரி போன்றவற்றில் பொறி இல்லை, குளோ பிளக் உண்டு. நான்கில் ஒன்று செத்திருந்தால் ஸ்டார்ட் ஆனதும் வெண்சாம்பல் புகையோடு சில வினாடி உதறி, பிறகு சமமாகும். மலைப்பகுதியில் இது கூடுதலாகத் தெரியும். டாஷ்போர்டில் சுருள் போன்ற விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். ஓம் மீட்டரால் ஒவ்வொரு குளோ பிளக்கையும் தனித்தனியே சோதிக்க முடியும், நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டியதில்லை.

பட்டறையில்

முதல் விஷயம்: வண்டியை முந்தைய மாலையே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். “அண்ணே, காலையில நீங்களே முதல் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்று கேளுங்கள். மலாயில் சொல்வதென்றால், எஞ்சின் செஜுக் பெர்கெகார், எஞ்சின் பானாஸ் ஓக்கே. இரவு விட முடியாவிட்டால் காணொளியைக் காட்டுங்கள். குறிப்பையும் கொடுங்கள். நல்ல மெக்கானிக் இதைக் கண்டு கோபப்பட மாட்டார். அவர் வேலையும் இதனால் பாதியாகிறது.

எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், “எந்தச் சோதனையில் இது கெட்டது என்று தெரிந்தது?” என்று பணிவாகக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்றட்டும். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது குறை என்று கடைசிவரை தெரியாது. பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். ரசீதில் பாகத்தின் பெயர், கூலி, மைலேஜ் மூன்றும் எழுதியிருக்க வேண்டும்.

செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியதாக உறுதியாகத் தெரிந்தால், மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே தாக்கல் செய்யலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். மூன்றாண்டுக்குள் செய்ய வேண்டும். அங்கே பேசப்போவது உங்கள் ரசீதும், பழைய பாகமும், தேதியோடு உள்ள காணொளியும்தான்.

அன்றாடப் பழக்கம்

உதறல் இல்லாத வண்டிக்கும் சில பழக்கங்கள் நல்லது. ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டத் தொடங்கலாம். பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டால் பெட்ரோல் வீணாவதோடு கரியும் படியும். கூலண்ட் முள் ஏறும் வரை ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்காதீர்கள். எஞ்சின் எண்ணெயையும் காற்று வடிகட்டியையும் கையேடு சொல்லும் காலத்தில் மாற்றுங்கள். ரோன் 95 குறிக்கப்பட்ட வண்டியில் ரோன் 97 ஊற்றுவதால் காலை உதறல் தீராது. ஆக்டேன் எண் ஸ்டார்ட் ஆவதற்கான அளவுகோல் அல்ல.

மாதத்தில் ஒருநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போனட்டைத் திறந்து எண்ணெய், கூலண்ட், பேட்டரி முனை, வயர் ஆகிய நான்கையும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. உதறல் தொடங்கிவிட்டால், முதல் மூன்று காலைகளைக் குறித்துக்கொண்டு, நான்காம் நாள் பட்டறைக்குப் போங்கள். கூலண்ட் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மட்டும் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம், அன்றே போய்விடுங்கள்.